கடை வரியில் ஓடும் பஸ்

பஸ், ரயில் வசதியைப் பெருக்கப் பணம் எங்கிருந்து வரும்? அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்ட மக்கள் கடையில் பொருள் வாங்கும்போதே அதற்கும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். 1980, 1990 ஆண்டுகளில் ஏற்ற வரிகளோடு, 2008 வாக்கெடுப்பில் 100 டாலருக்கு 50 சென்ட் விற்பனை வரியை 30 ஆண்டுகளுக்குக் கூடுதலாக ஏற்றார்கள். புதிய ரயில், விரைவு பஸ் பாதைகளுக்கு 35 சதவீதம், பஸ்களை ஓட்டும் செலவுக்கு 20 சதவீதம் என முன்பே பங்கு பிரிக்கப்பட்டது. இத்தகைய வரிக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். 2012இல் அதை நீட்டிக்கக் கேட்டபோது 66 சதவீதம் பேர் ஆதரித்தும் நூலிழையில் தோற்றது.

இந்த வரியில் ஒரு குறை உண்டு. வீட்டுச் சமையல் பொருட்களுக்கு விலக்கு இருந்தாலும், சோப்புக்கும் துணிக்கும் ஏழையும் செல்வந்தரும் ஒரே விகிதத்தில் கட்டுகிறார்கள். ஏழையின் வருமானத்தில்தான் அது பெரிய பங்கு. ரயிலுக்கே பணம் போகிறது, பஸ்களில் நெரிசல் தாங்கவில்லை என்று 1994இல் அங்குள்ள பஸ் பயணிகள் வழக்குத் தொடுத்தார்கள். 1996 உடன்பாட்டால் கட்டண உயர்வுக்குக் கட்டுப்பாடு வந்தது. புதிய பஸ்களும் வந்தன.

எந்த ஊரிலும் இப்படியொரு வரி வரும்போது நாம் கேட்க வேண்டியது இதுதான்: வரி கொடுப்பவரின் தெருவுக்கு பஸ் வருமா?