பழைய டீசல் கார் காலையில் ஏன் கிளம்ப மறுக்கிறது?

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்று ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக நெருக்கப்படும்போது 500 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடேறும். அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது.

ஆகவே முதலில் சைலன்சரைக் கவனியுங்கள். ஸ்டார்ட்டர் சுழலும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, பற்றுவதற்குச் சூடு போதவில்லை. ஹீட்டர் பிளக், பலவீனமான பேட்டரி, குறைந்த கம்ப்ரஷன் என்று வரிசையாகச் சோதிக்கலாம்.

புகையே இல்லையா? டீசலே வரவில்லை. பெரும்பாலும் குற்றவாளி டீசல் குழாயில் புகுந்த காற்று. திரவம் அழுத்தினால் சுருங்காது, காற்று சுருங்கும். பம்ப் கொடுக்கும் அழுத்தமெல்லாம் குமிழியை நெருக்குவதிலேயே வீணாகி, இன்ஜெக்டர் திறப்பதில்லை. டேங்கிலிருந்து பம்ப் வரையிலான குழாயில் இன்ஜின் ஓடும்போது உறிஞ்சல்தான் நடக்கிறது. வெடிப்பு வழியே டீசல் சொட்டாமல் காற்று உள்ளே நுழைவதால் பலர் ஏமாறுவது இங்கேதான். தற்காலிகமாக உள்ளே தெரியும்படியான ஒரு குழாயை இணைத்தால் குமிழிகள் தெரியும்.

கிளம்பிய பிறகு மேட்டில் இழுக்கவில்லை என்றால்: கரும்புகை வந்தால் ஏர் ஃபில்டர், புகையின்றித் திணறினால் டீசல் ஃபில்டர்.

இவற்றையெல்லாம் பார்க்காமல் பம்பைக் கழற்ற யாரையும் அனுமதிக்காதீர்கள்.