வீட்டுப் பேச்சும் பள்ளிப் பேச்சும்

குடிபெயர்ந்து வந்த வீட்டில் புது மொழி முதலில் படிவது பிள்ளையின் நாவில்தான். நாள் முழுதும் வகுப்பில் அது காதில் விழுகிறது. உணவகச் சமையற்கட்டிலும் கட்டட வேலையிலும் உழலும் பெற்றோருக்கு அந்த வாய்ப்பு இல்லை. சில ஆண்டுகளில் மருத்துவரிடமும் வீட்டுச் சொந்தக்காரரிடமும் பெற்றோருக்காகப் பேசுவது பிள்ளையின் பொறுப்பாகிவிடுகிறது. ஆசிரியர் தன்மேல் சொல்லும் குறையைத் தாயிடம் மொழிபெயர்த்துச் சொல்வதும் அதே பிள்ளைதான். இத்தகைய பிள்ளைகளின் மனநலத்தில் குடும்பத்தின் பங்கு எவ்வளவு, பள்ளியின் பங்கு எவ்வளவு என்று கூறுபோட்டுப் பார்ப்பது வழக்கம். சான்றுகளைச் சேர்த்துப் படித்தால் எனக்குத் தெரிவது வேறு. பள்ளி செய்யும் நன்மையிலும் கேட்டிலும் ஒரு பெரும்பங்கு, வீட்டின் வழியாகவே பிள்ளையைச் சென்றடைகிறது.

சமூகவியலாளர்கள் அலெகான்ட்ரோ போர்ட்டஸும் ரூபன் ரும்பவுட்டும் 1992-ல் அமெரிக்காவின் மயாமி, சான் டியேகோ வட்டாரப் பள்ளிகளில் 5,262 மாணவர்களைப் பின்தொடரத் தொடங்கினார்கள். 77 நாடுகளிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள்; சராசரி வயது 14. அவர்களின் தன்மதிப்பைக் குறைத்து மனச்சோர்வைக் கூட்டிய வலுவான காரணிகளில் முன்னால் நின்றது பெற்றோருடனான பிணக்கு. ஆங்கிலத்தையும் வீட்டு மொழியையும் ஒருசேரச் சரளமாகப் பேசியவர்களிடம் பிணக்கு குறைவாகவும் தன்மதிப்பு கூடுதலாகவும் இருந்தன. இது வியப்பில்லை. பதினான்கு வயதில் மனத்தில் மூளும் அவமானத்தையும் அச்சத்தையும் அரைகுறை மொழியில் அம்மாவிடம் சொல்ல முடியாது. அம்மாவின் கண்டிப்புக்குப் பின்னாலிருக்கும் கவலையும் அந்த மொழியில் பிள்ளைக்கு எட்டாது. அதே சான் டியேகோ இருக்கும் கலிஃபோர்னியாவில், இருமொழி வகுப்புகளைப் பெரும்பாலும் நிறுத்திய 227-ஆம் முன்மொழிவு 1998-ல் மக்கள் வாக்கில் நிறைவேறியது. 2016-ல்தான் அதை மக்களே வாக்களித்து மாற்றினார்கள். இடைப்பட்ட 18 ஆண்டுகள் ஒரு தலைமுறையின் பள்ளிப்பருவத்தைவிட நீளமானவை.

ஆங்கிலம் சீக்கிரம் வராவிட்டால் படிப்பும் வேலையும் பாழாகும் என்பார்கள். உண்மைதான், ஆங்கிலத்தை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒன்றைக் கற்க மற்றொன்றைக் கைவிட வேண்டும் என்ற கணக்குதான் தவறு. இன்னொரு மறுப்பு கனமானது. மலர்ச்சியான பிள்ளைக்கு இயல்பாகவே சண்டை குறைவு, மொழியும் எளிதில் வரும். எது காரணம், எது விளைவு? பல ஆண்டுகள் பின்தொடரும் ஆய்வுகள் இந்த ஐயத்தைத் தணிக்கின்றன, முற்றிலும் தீர்க்கவில்லை. ஆனாலும் கரோலா சுவாரெஸ்-ஒரோஸ்கோவும் அவருடைய குழுவினரும் 1997 முதல் ஐந்தாண்டுகள் கவனித்த ஏறத்தாழ 400 பிள்ளைகளின் கதை இங்கே உதவுகிறது. சீனா, ஹெய்ட்டி, மெக்சிகோ, டொமினிக்கன் குடியரசு, மத்திய அமெரிக்கா ஆகிய இடங்களிலிருந்து பாஸ்டனுக்கும் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்துக்கும் வந்தவர்கள் அவர்கள். பத்தில் ஏழு பேருக்கு மேல், குடிபெயர்வின்போது தாயையோ தந்தையையோ பிரிந்திருந்தவர்கள். பிரிந்திருந்தவர்களிடம் தொடக்கத்தில் மனச்சோர்வு கூடுதலாகத் தெரிந்தது. ஆண்டுகள் போகப் போக அந்த வேறுபாடு மங்கியது. அறுந்த உறவு திரும்பக் கூடும், அதற்குக் காலமும் பேச்சும் வேண்டும்.

போரைக் கண்டு வந்த பிள்ளைக்குப் பள்ளி என்ன செய்துவிட முடியும் என்று கேட்பவர்களுக்கு 2007-ல் வெளியான ஓர் ஆய்வு விடை தருகிறது. அமெரிக்காவில் குடியேறிய 76 சோமாலிய இளைஞர்களை மர்யம் கியா-கீட்டிங்கும் ஹைடி எல்லிஸும் ஆராய்ந்தார்கள். பட்ட துன்பம் எவ்வளவாக இருந்தாலும், இது தன் பள்ளி என்று உணர்ந்தவர்களிடம் மனச்சோர்வு குறைவாக இருந்தது. சிகிச்சை தேவைப்படுபவர்களுக்கு இது மாற்று ஆகாது. ஆனால் சிகிச்சை மையத்தின் வாசலை மிதிக்கத் தயங்கும் குடும்பமும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறது. தினமும் திறந்திருக்கும் கதவு அது.

அந்தக் கதவு பெற்றோருக்கும் திறக்க வேண்டும். அமெரிக்க நீதித்துறையும் கல்வித்துறையும் 2015-ல் பள்ளிகளுக்கு அனுப்பிய கடிதம், பெற்றோரிடம் பேச மாணவர்களையோ உடன்பிறந்தவர்களையோ மொழிபெயர்ப்பாளராக்கக் கூடாது, பயிற்சி பெற்றவரை அமர்த்த வேண்டும் என்றது. செலவு பிடிக்கும் ஏற்பாடுதான். ஆனால் அப்படி ஒருவர் வந்து உட்காரும் நாளில், ஆசிரியரிடம் தன் சந்தேகத்தைத் தாயே நேராகக் கேட்கிறாள். பிள்ளை அவள் பக்கத்தில் பிள்ளையாக மட்டும் உட்கார்ந்திருக்கிறது.