ஈரம் பட்டால் மாறும் கல்

கோலார் தங்கவயலில் மலை போல மண்மேடுகள் நிற்கின்றன. அவற்றைச் சயனைடு மேடு என்கிறோம். அந்த மண்ணில் என்ன இருக்கிறது? தெரிந்துகொள்வோம்.

மண் எப்படி வந்தது?

1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே சுரங்க வேலையைத் தொடங்கியது. வட ஆற்காட்டிலிருந்து வந்த தமிழர்கள் ஏராளமானோர் சுரங்கத்தில் உழைத்தார்கள். 3 கிலோமீட்டருக்கும் கீழே போய்ப் பாறையை உடைத்தார்கள். அந்தப் பாறையை ஆலையில் மாவு போல அரைத்தார்கள். சயனைடு கலந்த நீரில் தங்கத்தைக் கரைத்து எடுத்தார்கள். மிஞ்சிய மண்ணைக் கொட்டினார்கள். இப்படி 3 கோடி டன்னுக்கு மேல் சேர்ந்துவிட்டது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. மண் அங்கேயே இருக்கிறது.

மண்ணுக்குள் என்ன?

வெயிலும் காற்றும் பட்டால் சயனைடு நாளடைவில் சிதைந்து குறையும். ஆனால் மண்ணில் வேறு பொருளும் உண்டு. தங்கப் பாறையில் பைரைட் என்ற கல் கலந்திருக்கும். அது பொன் போல மினுமினுக்கும். ஆனால் அது பொன் அல்ல. இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. பட்டாசு மருந்தில் இருக்கும் அதே கந்தகம்தான். இப்படி உலோகமும் கந்தகமும் சேர்ந்த பொருளைச் சல்பைடு என்பார்கள். ஆர்செனோபைரைட் என்ற இன்னொரு கல்லும் உண்டு. அதில் ஆர்செனிக் என்ற நஞ்சும் சேர்ந்திருக்கிறது.

ஈரம் பட்டால் என்ன ஆகும்?

காற்றுப் புகாத பாறைக்குள் இந்தக் கல் மாறாமல் கிடக்கும். மாவாக அரைத்துக் கொட்டினால் துகள்கள் மீது காற்றும் மழைநீரும் படும். அப்போது இரும்பு துருவாகிறது. கந்தகம் கந்தக அமிலமாகிறது. லாரி பேட்டரியில் ஊற்றுவதும் கந்தக அமிலம்தான். இந்த அமிலம் மண்ணிலுள்ள மற்ற உலோகங்களையும் கரைக்கும். ஆர்செனிக்கும் நீரில் கலக்கலாம்.

இது எல்லா இடத்திலும் ஒரே அளவில் நடக்காது. மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருந்தால் அமிலத்தின் வேகம் அடங்கும். அதனால் சோதித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

நாம் செய்ய வேண்டியவை

1. குழந்தைகளை மேட்டில் விளையாட விடக்கூடாது.

2. வீடு கட்டவும் பாத்திரம் துலக்கவும் அந்த மண்ணை எடுக்கக்கூடாது.

3. காற்று வீசும் நாளில் குடிநீரையும் சோற்றையும் மூடி வைக்க வேண்டும். தண்ணீர் தெளித்த பிறகு வீட்டைப் பெருக்க வேண்டும்.

4. மேட்டுக்கு அருகில் உள்ள கிணற்று நீரைச் சோதனைக்கு அனுப்பச் சொல்லி நகரசபையில் மனு கொடுக்க வேண்டும். நீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஆர்செனிக் போகாது.

மேட்டின் மீது நல்ல மண் பரப்பிப் புல்லும் மரமும் வளர்த்தால் தூசி குறையும். மழைநீர் உள்ளே இறங்குவதும் குறையும். இது அரசு செய்ய வேண்டிய வேலை.

2024-ல் இந்த மேடுகளிலிருந்து மீண்டும் தங்கம் எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அரசு ஒப்புதல் அளித்தது. மண்ணைக் கிளறினால் உள்ளே புதைந்த சல்பைடு மீது புதிதாகக் காற்றும் நீரும் படும். தூசியை எப்படி அடக்குவார்கள்? கழிவு நீர் எங்கே போகும்? தங்கம் எடுத்த பிறகு மண்ணை எப்படி மூடுவார்கள்? இந்தக் கேள்விகளை ஊர் மக்கள் ஒன்றுகூடிக் கேட்க வேண்டும்.