காலம் அறிந்த சுவிட்சு

மாணவர்களே, உங்கள் தெருவில் இப்படி ஒரு வீட்டைப் பார்த்திருப்பீர்கள். கதவில் பூட்டுத் தொங்கும். உச்சி வெயிலிலும் வாசல் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். இரவில் வெளிச்சம் இருந்தால் திருடன் வரமாட்டான் என்று எண்ணி, விளக்கைப் போட்டுவிட்டு ஊருக்குப் போயிருக்கிறார்கள். ஆனால் பகலிலும் எரியும் அந்த விளக்கு என்ன சொல்கிறது? "இங்கே ஆள் இல்லை" என்பதைத்தான் தெருவுக்கெல்லாம் சொல்கிறது!

அதற்குப் பதிலாக, கூடத்தில் ஒரு மேசை விளக்கு மாலையில் தானே எரிந்து, இரவு பத்து மணிக்குத் தானே அணைந்தால் எப்படி இருக்கும்? இதைச் செய்யும் சிறு கருவி மின்சாமான் கடைகளில் கிடைக்கிறது. அதற்கு டைமர் என்று பெயர். சுவரிலுள்ள பிளக் பாயிண்டில் டைமரைச் செருக வேண்டும். டைமரின் முகத்திலுள்ள துளைகளில் விளக்கின் பிளக்கைச் செருக வேண்டும்.

பார்க்க ஒரே கருவியாகத் தோன்றினாலும், டைமருக்குள் இரண்டு கருவிகள் இருக்கின்றன. ஒன்று கடிகாரம், மற்றொன்று சுவிட்சு. ஆகவே டைமர் வாங்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். கடிகாரம் எதைக் கொண்டு ஓடுகிறது? சுவிட்சு எவ்வளவு மின்னோட்டம் தாங்கும்? அதில் செருகப்போகும் சாதனம் ஆளில்லாமல் ஓடத் தக்கதா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கடிகாரம் எதைக் கொண்டு ஓடுகிறது?

விலை குறைந்த டைமரில் ஒரு வட்டத் தட்டு இருக்கும். அதன் விளிம்பைச் சுற்றிலும் சின்னஞ்சிறு முளைகள். பெரும்பாலும் 96 முளைகள் இருக்கும். ஒவ்வொன்றும் கால் மணி நேரத்தைக் குறிக்கும். எந்த நேரங்களில் விளக்கு எரிய வேண்டுமோ, அந்த நேரங்களுக்குரிய முளைகளை அழுத்திவிடுவீர்கள். தட்டு சுழன்று அந்த முளைகள் வரும்போது, அவை ஒரு சிறு நெம்புகோலைத் தள்ளும், சுவிட்சு மூடிக்கொள்ளும், விளக்கு எரியும்.

தட்டைச் சுழற்றுவது ஒரு சிறிய மின்மோட்டார். அதற்கு ஒரு தனித்தன்மை உண்டு. நம் நாட்டு மாறுதிசை மின்னோட்டம் வினாடிக்கு 50 முறை அலைகிறது. அதாவது அதன் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். அந்த அலைவோடு இம்மோட்டார் அடி பிசகாமல் சுழலும். அணிவகுப்பில் முரசொலிக்கேற்பக் கால் எடுத்துவைக்கும் வீரனைப் போல என்று சொல்லலாம். ஒரு நாளில் 43,20,000 அலைவுகள். பற்சக்கரங்கள் அத்தனையையும் தட்டின் ஒரே ஒரு சுற்றாகக் குறைத்துத் தருகின்றன.

அப்படியானால், மின்நிலையத்தின் அதிர்வெண் தவறினால் கடிகாரமும் தவறும் அல்லவா? ஆம். இந்த வகை மின்கடிகாரத்தைப் பரப்பிய அமெரிக்கரான ஹென்றி வாரன் 1916-இல் இச்சிக்கலைச் சந்தித்தார். அவர் போஸ்டன் நகர மின்நிலையம் ஒன்றில் ஒரு தலைமைக் கடிகாரத்தை வைத்தார். அதில் ஒரு முள்ளை ஊசல் ஓட்டியது. மற்றொன்றை மின்நிலையத்தின் மின்சாரமே ஓட்டியது. இரண்டு முட்களும் பிரியாமல் பார்த்துக்கொள்வது அங்குள்ள ஊழியரின் வேலை. ஒரு வீட்டுக் கடிகாரத்தைத் திருத்தப் போய், ஊருக்கே மின்சாரம் தரும் இயந்திரத்தின் வேகத்தைத் திருத்தினார் வாரன்!

ஆனால் மின்சாரமே நின்றுவிட்டால்? தட்டும் நின்றுவிடும். இரண்டு மணி நேர மின்தடைக்குப் பின், ஆறரை மணிக்கு எரிய வேண்டிய விளக்கு எட்டரைக்குத்தான் எரியும். மறுநாளும் அப்படியே. நீங்கள் தட்டைத் திருப்பிச் சரிசெய்யும்வரை இந்தப் பிழை நீங்காது. மின்தடை அடிக்கடி வரும் ஊரில், வீட்டைப் பூட்டிக்கொண்டு பத்து நாள் வெளியூர் போகிறவர்களுக்கு இது ஏற்றதன்று.

அவர்களுக்கு எண் காட்டும் டைமர் நல்லது. அதன் உள்ளே ஒரு குவார்ட்ஸ் படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஏன் இந்த விசித்திரமான எண்? இதைப் பதினைந்து முறை பாதியாக்கிப் பாருங்கள். சரியாக 1 வரும்! மின்சுற்று அப்படித்தான் ஒரு வினாடியைப் பெறுகிறது. மின்சாரம் போனாலும் உள்ளேயுள்ள சிறு மின்கலம் கடிகாரத்தை ஓட்டும். புதிதாக வாங்கும்போது அந்த மின்கலத்தில் மின்னேற்றம் இல்லாதிருக்கலாம். முகப்பில் எண்கள் தெரியவில்லை என்றால் உடனே கடைக்கு ஓடாமல், சில மணி நேரம் பிளக் பாயிண்டில் செருகி வையுங்கள்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த டைமரை மட்டும் இங்கே செருகிவிடாதீர்கள். அது 120 வோல்ட்டுக்கு ஆனது. நம் வீட்டில் 230 வோல்ட். மின்மாற்றி வைத்து மின்னழுத்தத்தைக் குறைத்தாலும் அதிர்வெண் மாறாது. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த தட்டு இங்கே மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும். ஏன் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

சுவிட்சு எவ்வளவு தாங்கும்?

கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இதுதான். டைமரின் மீது 6 ஆம்பியர், 10 ஆம்பியர், 16 ஆம்பியர் என்பது போல ஓர் எண் இருக்கும். சாதனத்தின் வாட் அளவை 230-ஆல் வகுத்தால், அது இழுக்கும் மின்னோட்டம் ஏறத்தாழக் கிடைக்கும். 9 வாட் எல்.இ.டி. பல்புக்கு 0.04 ஆம்பியர். 3000 வாட் கீசருக்கோ 13 ஆம்பியர்! விளக்குக்கென வாங்கிய 6 ஆம்பியர் டைமரில் அந்தக் கீசரை மாட்டினால் என்ன ஆகும்?

இணைப்பு ஒன்று சற்றுத் தளர்ந்து, அங்கே 0.1 ஓம் மின்தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கிய அளவு என்று பாடத்தில் படித்திருக்கிறீர்கள். 13 × 13 × 0.1 = 16.9 வாட். ஒரு சிறிய பற்றவைப்புக் கோலின் வெப்பம், பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைபட்டுக் கிடக்கிறது! அதே இடத்தில் எல்.இ.டி. பல்பு உண்டாக்கும் வெப்பம் ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இன்னோர் ஆபத்தும் உண்டு. சுவிட்சு திறக்கும்போதும் மூடும்போதும் அதன் உலோக முனைகளுக்கிடையே பொறி பறக்கும். மின்னோட்டம் அளவுக்கு மீறினால் முனைகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு தட்டு "அணை" என்று சொல்லும், சுவிட்சு கேட்காது. கீசர் கொதித்துக்கொண்டே இருக்கும்; அதன் உள்ளேயுள்ள வெப்பக் கட்டுப்பாடு ஒன்றே அப்போது காவல்.

மோட்டார் உள்ள சாதனங்கள் புறப்படும் கணத்தில், வழக்கத்தைப் போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அதனால்தான் சில டைமர்களில் 16(2) ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பார்கள். ஹீட்டர் போன்றவற்றுக்கு 16. மோட்டாருக்கு 2 மட்டுமே என்பது அதன் பொருள். அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்ணைப் படிக்காமல் தண்ணீர் மோட்டாரை மாட்டிவிடக் கூடாது.

ஆளில்லாமல் ஓடத் தக்கதா?

டைமருக்கு மணி தெரியும், வேறொன்றும் தெரியாது. இஸ்திரிப் பெட்டியின் அடியில் துணி கிடப்பதோ, தொட்டியில் தண்ணீர் வற்றிவிட்டதோ அதற்குத் தெரியாது. ஆகவே இஸ்திரிப் பெட்டி, வாளிக்குள் விடும் வெந்நீர்க் கம்பி, மின் அடுப்பு ஆகியவற்றை ஒருபோதும் டைமரில் இணைக்காதீர்கள். குளிர்பதனப் பெட்டிக்கும் டைமர் வேண்டாம். தன் வெப்பநிலையைப் பார்த்து ஓடவும் நிற்கவும் அதற்கே தெரியும். மேசை விளக்கு, மீன் தொட்டி விளக்கு, கொசுவிரட்டி போன்றவை ஏற்றவை. கீசருக்கு வேண்டுமென்றால், அதற்குரிய டைமரை மின்பணியாளரைக் கொண்டே பொருத்தச் சொல்லுங்கள்.

ஒரு சோதனையும் உண்டு. சாதனத்தை ஓடவிட்டு, சுவர்ச் சுவிட்சை அணைத்து, மீண்டும் போடுங்கள். தானே ஓடத் தொடங்கினால் டைமருக்குப் பொருந்தும். மறுபடி பொத்தானை அழுத்தக் காத்திருந்தால் பொருந்தாது. விளக்கின் சொந்தச் சுவிட்சும் சுவர்ச் சுவிட்சும் எப்போதும் போட்டபடியே இருக்க வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

மிச்சம் எவ்வளவு?

டைமரும் மின்சாரம் உண்ணும். அது 1 வாட் எடுத்துக்கொள்வதாக வைத்தால், ஒரு நாளைக்கு 24 வாட்-மணி. 9 வாட் பல்பு வீணாக எரியும் நான்கு மணி நேரத்தை அது தவிர்த்தால் மிச்சம் 36 வாட்-மணி. நிகர லாபம் வெறும் 12! பகலெல்லாம் எரியும் விளக்கை அணைத்தால் லாபம் கூடும். ஆனால் சும்மா செருகிக் கிடக்கும் செல்போன் சார்ஜருக்காக டைமர் வாங்கினால் நஷ்டமே மிஞ்சும். அதைக் கையால் பிடுங்கிவிடுவதே மேல்.

சூரியனையும் கணக்கில் கொள்ளுங்கள். சென்னையில் நவம்பர் கடைசியில் சுமார் 5.40-க்கு மறையும் சூரியன், ஜூலை தொடக்கத்தில் சுமார் 6.40-க்கு மறைகிறது. இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை நேரத்தை மாற்றி வைத்தால் போதும்.

நீங்களே செய்து பாருங்கள்

வீட்டில் தட்டு டைமர் இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நேரத்தைச் சரியாக வைத்துவிட்டு ஒரு வாரம் அதைத் தொடாதீர்கள். ஒவ்வொரு மின்தடையும் எவ்வளவு நேரம் நீடித்தது என்று குறித்து வாருங்கள். அடுத்த ஞாயிறு காலை, தட்டு எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று பாருங்கள். உங்கள் குறிப்பேட்டின் கூட்டுத்தொகையும் அதுவும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். அதிகமாகப் பின்தங்கியிருந்தால்? நீங்கள் தூங்கியபோதோ பள்ளியில் இருந்தபோதோ ஒரு மின்தடை வந்துபோயிருக்கிறது. நீங்கள் கவனிக்கத் தவறியதை அந்தச் சிறு தட்டு குறித்து வைத்திருக்கிறது!