உதவ வந்தவரை ஓரத்தில் இருத்தலாமா?

தன் வயலுக்கு எந்த விதைநெல் ஏற்றது என்பதைக் கமக்காரனே நன்கு அறிவான். ஆனால் இடம்பெயர்ந்து முகாமுக்கு வந்தபின் அவனிடம் யார் அதைக் கேட்டார்கள்? 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில், ஊருக்குச் சோறு போட்ட கைகள் வரிசையில் நின்று நிவாரணம் வாங்கின. பசி ஒரு துன்பம். “உமக்கென்ன தெரியும்?” என்ற பார்வை அதனிலும் கொடிய துன்பம். 2012 செப்ரெம்பரில் அம்முகாம் மூடப்பட்டது. அந்தப் பார்வையின் வலி மட்டும் எம்மைவிட்டுப் போகவில்லை.

அதே பார்வையை இன்று எம்மிடையே வேறு சிலரும் அனுபவிக்கின்றனர். மாற்றுத்திறனாளிகளுக்கான திட்டங்களில் தொண்டாற்ற முன்வரும் ஓட்டிசம் உள்ளவர்களே அவர்கள்.

ஓட்டிசம் என்பது என்ன?

மதியிறுக்கம் எனவும் அழைக்கப்படும் ஓட்டிசம், மூளை வளர்ச்சியில் அமையும் ஒரு வேறுபாடு. அது தொற்றுநோயல்ல, தாயின் வளர்ப்புக் குறையுமல்ல. முகக்குறிப்பையும் பேச்சின் உட்பொருளையும் பிடித்துக்கொள்வது இவர்களிற் பலருக்குக் கடினம். ஒலிபெருக்கியின் இரைச்சலும் சனநெரிசலும் சிலரை வதைக்கும். சிலருக்குப் பேச்சே வராது. சிலர் நன்றாகப் படித்துத் தொழில் செய்வர். எமது நாட்டில் நகரை அண்டிய ஒரு பகுதியில் நடத்தப்பட்டு 2009 இல் வெளியான ஆய்வொன்று, 18 முதல் 24 மாதக் குழந்தைகளில் 93 பேருக்கு ஒருவர் என்ற அளவில் ஓட்டிசத்தைக் கண்டது. அக்குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களாவர் என்பதைப் பலர் நினைப்பதில்லை.

அவ்வாறு வளர்ந்த ஒருவர் உதவ வந்தால் நடப்பதென்ன? கதிரை அடுக்கவும் தேநீர் கொடுக்கவும் அழைப்பர். படம் எடுக்கும்போது முன்வரிசையில் நிறுத்துவர். திட்டமிடும் கூட்டத்துக்கு மட்டும் அழைப்பு வராது. கருத்துச் சொன்னால் புன்னகையோடு தலையாட்டிவிட்டு அடுத்த விடயத்துக்குப் போய்விடுவர். ஈற்றில் அவர் சொல்லாமலே விலகிவிடுவார். நட்டம் யாருக்கு? பிள்ளை ஏன் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறது என்று தவிக்கும் தாய்க்கு, தன் அனுபவத்தால் விளக்கக்கூடிய ஒருவர் இல்லாமற் போகிறார்.

மாட்டுப் பட்டி தரும் பாடம்

1947 இல் பிறந்த அமெரிக்கரான டெம்பிள் கிராண்டின் ஓட்டிசம் உள்ளவர். மாடுகள் ஒடுங்கிய வழியில் ஏன் மிரண்டு நிற்கின்றன என்று அறிய, மாட்டின் கண்மட்டத்துக்குக் குனிந்து அவ்வழியே சென்று பார்த்தார். தொங்கும் சங்கிலி, தரையில் விழும் நிழல், வேலியில் கிடக்கும் சட்டை ஆகியவையே காரணம் எனக் கண்டார். அவர் வகுத்த பட்டி அமைப்புகள் பல நாடுகளிற் பயன்படுகின்றன. மற்றவர் காணாததை அவர் கண்டார். கேட்பதற்கு ஆட்கள் இருந்ததாற் பயன் விளைந்தது.

நாம் செய்யக்கூடியவை

1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், வேலைக்குச் சேர்ப்பதிலும் கல்விக்கு அனுமதிப்பதிலும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. இலங்கை 2016 இல் உறுதிசெய்த ஐ.நா. சமவாயம், அவர்களைப் பற்றிய தீர்மானங்களில் அவர்களையும் கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது.

கிராம மட்டத்தில் இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. செய்யவேண்டிய வேலையைத் தெளிவாக, எழுத்தில் கொடுப்போம். கூட்டத்தின் நேரத்தையும் விடயத்தையும் முன்கூட்டியே சொல்வோம். ஒலிபெருக்கியைத் தணிப்போம். சபையிற் பேச முடியாதவர் எழுதித் தரட்டும். மற்றத் தொண்டருக்குப் படி கொடுத்தால் அவருக்கும் கொடுப்போம். அவர் சொன்ன யோசனை ஏற்கப்பட்டதா, இல்லையெனில் ஏன் என்பதை அவருக்கே நேரிற் சொல்வோம்.

அடுத்த கூட்டத்துக்குப் பெயர்ப்பட்டியல் எழுதும்போது, கதிரை அடுக்குபவரின் பெயரும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.