கிண்ணத்துக்குள் ஓர் ஆறு

லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் நாங்கள் குடியிருந்தபோது, என் மகன் அடம்பிடித்து ஓர் ஆமைக்குட்டி வாங்கினான். ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரியது. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு. "கண்ணாடிக் கிண்ணமே போதும், சார்" என்றார் கடைக்காரர். நம்பினேன்.

டில்லிக் குளிர் வந்ததும் அது தீனியைத் தொடவில்லை. ஓடும் மெத்தென்றாகிவிட்டது. மிருக வைத்தியர் சொன்ன பிறகே விளங்கிற்று. இதன் பூர்விகம் அமெரிக்காவின் மிஸிஸிப்பி ஆற்றுப் படுகை. நீந்த ஆழமான தண்ணீரும், ஏறி வெயில் காய ஒரு மரக்கட்டையும் வேண்டும். புற ஊதாக் கதிர் பட்டால்தான் உடலில் வைட்டமின் டி உண்டாகி ஓடு கெட்டிப்படும். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும்!

பெரிய தொட்டி, ஹீட்டர், மேடை, அதற்கான விளக்கு என்று எல்லாவற்றையும் மாற்றினோம். பிழைத்துக்கொண்டது. ஓரடி வரை வளரும், முப்பது ஆண்டுகூட வாழும் என்று முன்பே தெரிந்திருந்தால் வாங்கியே இருக்க மாட்டேன்.

அலுத்துப்போனால் யமுனையில் விடவும் கூடாது. நம் நாட்டு ஆமைகளின் இடத்தையும் இரையையும் அது பறித்துக்கொள்ளும். நம்மூர் நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பதோ, 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

குழந்தைகள் ஆசைப்பட்டால், லீவில் சென்னை போகும்போது வடநெம்மேலியில் 1976-இல் தொடங்கிய முதலைப் பண்ணைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஆமைகளையும் அங்கே பார்க்கலாம்.