பக்கத்து செக்ஷன் அதிகாரியின் நம்பிக்கையைப் பெறுவது எப்படி?

ரெயில்வே ஸ்டேஷன் மாஸ்டர்கள் கற்றுத்தரும் பாடம்

குமாஸ்தாவாகச் சேர்ந்தவர் தலைமைக் குமாஸ்தா ஆகிறார். தொழிலாளியாக நுழைந்தவர் சூப்பர்வைசர் ஆகிறார். சம்பளம் உயருகிறது. கூடவே ஒரு புதிய தொல்லையும் வருகிறது.

மேல் அதிகாரி சொன்னால் நாம் கேட்கவேண்டும். நமக்குக் கீழே இருப்பவர்கள் நாம் சொன்னால் கேட்பார்கள். ஆனால் நம்மைப்போலவே இன்னொரு செக்ஷனை நடத்துகிறாரே, அவருக்கு நாம் உத்தரவு போட முடியாது. அவர் ஒத்துழைக்காவிட்டாலோ நம் வேலை நடக்காது.

ஸ்டோரில் இருந்து சாமான் வராவிட்டால் மெஷின் நிற்கும். டைம் ஆபீசில் இருந்து வருகைக் கணக்கு வராவிட்டால் சம்பளப் பட்டியல் நிற்கும். "தவறு உங்களுடையது" என்று இரண்டு அதிகாரிகளும் மாறி மாறிக் கடிதம் எழுதுவார்கள். ஓவர்டைம் பணம் வராமல் தவிப்பது தொழிலாளியின் குடும்பம்தான்.

சமமான பதவியில் உள்ள இருவர் ஒருவரை ஒருவர் நம்பி வேலை செய்வது எப்படி? நாம் ஊருக்குப் போக ஏறும் ரெயிலே இதற்குப் பதில் சொல்கிறது.

"லைன் கிளியர்"

ஒரு ஸ்டேஷனில் இருந்து அடுத்த ஸ்டேஷனுக்கு ரெயிலை அனுப்ப, அந்த ஸ்டேஷன் மாஸ்டர் மட்டும் முடிவு செய்தால் போதாது. அடுத்த ஸ்டேஷன் மாஸ்டரிடம் வழி கேட்கவேண்டும். அவர் கொடுக்கும் சம்மதத்துக்குத்தான் "லைன் கிளியர்" என்று பெயர். தானியங்கி சிக்னல் இல்லாத பாதைகளில் இன்றும் இதுதான் முறை.

இருவரில் யாரும் யாருக்கும் எஜமான் அல்ல. ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்காமலே பல மாதங்கள் வேலை செய்வது உண்டு. ஆனாலும் ஒருவர் சொல்லை நம்பி, ஆயிரம் பயணிகள் உள்ள வண்டியை மற்றவர் இருட்டுக்குள் அனுப்புகிறார்.

இந்த நம்பிக்கை நட்பினால் வந்தது அல்ல. மூன்று பழக்கங்களால் வந்தது.

கடைசிப் பெட்டி

முதல் பழக்கம்: முடிந்ததைப் பார்த்த பிறகே "முடிந்தது" என்று சொல்வது.

வண்டி வந்துவிட்டது என்று எஞ்சினைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. கடைசிப் பெட்டியின் அடையாளத்தைப் பார்க்கவேண்டும். இரவில் அதன் பின்விளக்கைப் பார்க்கவேண்டும். வழியில் சில பெட்டிகள் கழன்று நின்றிருக்கலாம் அல்லவா? இப்போது பல இடங்களில் அச்சுகளை எண்ணும் கருவி இந்த வேலையைச் செய்கிறது. வண்டி முழுவதும் வந்து சேர்ந்தது உறுதியானால்தான் அடுத்த வண்டிக்கு வழி.

ஆபீசில் நடப்பது என்ன? "பில் தயாரா?" என்று கேட்டால், "தயார்" என்கிறோம். மேஜையைத் திறந்தால் இரண்டு கையெழுத்து பாக்கி இருக்கும். எஞ்சினைப் பார்த்துச் சொன்ன பதில் அது! இரண்டு முறை இப்படி நடந்தால், மூன்றாவது முறை நாம் உண்மையைச் சொன்னாலும் பக்கத்து அதிகாரி நம்பமாட்டார்.

ரகசிய எண்

இரண்டாவது பழக்கம்: வாய்ச்சொல்லை எழுதி வைப்பது.

டெலிபோனில் வழி கொடுக்கும் ஸ்டேஷன் மாஸ்டர், "சரி" என்பதோடு நிறுத்துவது இல்லை. தன்னிடம் உள்ள தாளில் இருந்து ஓர் எண்ணைச் சொல்கிறார். இதை "பிரைவேட் நம்பர்" என்பார்கள். இந்த எண்கள் வரிசையாக இருக்காது. அதனால் அடுத்தது என்ன என்று யாரும் ஊகிக்க முடியாது. இருவருமே அதைப் பதிவேட்டில் எழுதுகிறார்கள். பயன்படுத்திய எண்ணை அடித்துவிடுகிறார்கள்.

"என்னை நம்பாமலா எழுதிக்கொள்கிறீர்கள்?" என்று எந்த ஸ்டேஷன் மாஸ்டரும் கோபிப்பது இல்லை. எழுத்து, இருவருக்குமே பாதுகாப்பு. நீங்களும் பக்கத்து செக்ஷனோடு பேசி முடித்ததை, அன்றைக்கே இரண்டு வரியில் எழுதி அனுப்புங்கள். குற்றம் கண்டுபிடிக்கும் கடிதமாக அது இருக்கக்கூடாது. "வியாழக்கிழமை பட்டியல் தருவதாகச் சொன்னீர்கள், வெள்ளிக்கிழமை நான் முடித்துத் தருகிறேன்" என்று உங்கள் பொறுப்பும் அதில் இருக்கட்டும்.

மறுப்பது பகை அல்ல

மூன்றாவது பழக்கம்: முடியாததை முடியாது என்று உடனே சொல்வது.

பாதை காலியாக இல்லாவிட்டால் லைன் கிளியர் கிடைக்காது. கேட்டவர் அதை அவமானமாக நினைப்பது இல்லை. வண்டியை நிறுத்தி வைக்கிறார்.

நாமோ முகத்துக்கு அஞ்சி, "ஆகட்டும், பார்க்கலாம்" என்று சொல்லிவிடுகிறோம். அதை நம்பி அவர் தன் மேலதிகாரியிடம் வாக்குக் கொடுத்துவிடுகிறார். திங்கட்கிழமை சொல்லும் "முடியாது" என்ற சொல், சனிக்கிழமை கேட்கும் மன்னிப்பைவிட மேலானது. காரணத்தையும், எப்போது முடியும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் மனத்தாங்கல் வராது.

300-க்கும் மேற்பட்ட உயிர்கள்

இந்தப் பழக்கங்கள் தவறினால் என்ன ஆகும்? 1995 ஆகஸ்டு 20-ந் தேதி அதிகாலையில், உத்தரபிரதேச மாநிலம் பிரோசாபாத் அருகே காளிந்தி எக்ஸ்பிரஸ் ஒரு விலங்கின் மீது மோதி, பாதையிலேயே நின்றுவிட்டது. அது பாதையைக் கடந்துவிட்டதா என்று உறுதி செய்யாமல், பின்னால் வந்த புருஷோத்தம் எக்ஸ்பிரசுக்கு வழி விடப்பட்டது. அந்த மோதலில் 300-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

ஆபீஸ் தவறில் உயிர் போகாமல் இருக்கலாம். ஆனால் ஒருவருடைய மகளின் பள்ளிக்கூடச் சம்பளமோ, ஊருக்கு அனுப்பவேண்டிய மணியார்டரோ நின்றுபோகும்.

மொழி தடை ஆகுமா?

ஜோலார்பேட்டையில் இருந்து பெங்களூரு செல்லும் ரெயில் தமிழ்நாட்டில் கிளம்புகிறது. ஆந்திராவில் குப்பத்தைக் கடந்து, கர்நாடகத்தில் பங்காருப்பேட்டை வழியாகப் போகிறது. மூன்று மாநிலம், மூன்று மொழி. ஆனாலும் பாதை ஒன்று, விதி ஒன்று.

வெளிமாநிலத்தில் வேலை பார்க்கும் நமக்கு இது முக்கியம். பக்கத்து செக்ஷன் அதிகாரி கன்னடராகவோ, மராத்தியராகவோ, மலையாளியாகவோ இருப்பார். அவர் எதிரிலேயே நாம் இன்னொரு தமிழரிடம் தமிழில் பேசிச் சிரித்தால், தன்னைப்பற்றித்தான் பேசுகிறார்களோ என்று அவர் நினைப்பார். வேலை சம்பந்தமான பேச்சு அவருக்கும் புரியும் மொழியில் இருக்கட்டும். அவர் மொழியில் பத்து வார்த்தை கற்றுக்கொள்வது கவுரவக் குறைவு அல்ல.

தீபாவளிக்கு இனிப்பு கொடுப்பதும், சேர்ந்து டீ குடிப்பதும் நல்லதுதான். ஆனால் சொன்ன தேதியில் பட்டியல் போகாவிட்டால் அந்த இனிப்பு கசந்துவிடும்.

நாளைக் காலையில் ஒரு காரியம் செய்யுங்கள். பக்கத்து செக்ஷனுக்கு நீங்கள் தரவேண்டிய பாக்கிகளை ஒரு தாளில் எழுதுங்கள். முடிந்ததைக் கொடுத்துவிடுங்கள். முடியாததற்கு ஒரு தேதியை நீங்களே போய்ச் சொல்லுங்கள். நம்பிக்கை அங்கே இருந்து தொடங்கும்.